வழக்கு ரத்தான பிறகும் விடாத பதிவு

ஐயா,

கல்லூரிக்குப் பேருந்து கேட்டு 2019-ல் சாலையில் உட்கார்ந்தவர்களில் என் தங்கை மகளும் ஒருத்தி. மதியம் மண்டபத்தில் வைத்து, சாயங்காலம் விட்டுவிட்டார்கள். எல்லாரும் மறந்தும் போனோம். பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த காவலர்தான், "இந்தப் பொண்ணு மேல கேஸ் இருக்கே" என்றார். இந்திய தண்டனைச் சட்டத்தின் 143 (சட்டவிரோதமாகக் கூடியது), 188 (அரசு அதிகாரியின் உத்தரவை மீறியது) பிரிவுகளாம்!

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள் என்றால் வருமானம் எவ்வளவு என்றாலும் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவசமாக வழக்கறிஞர் உண்டு. இது எத்தனை பேருக்குத் தெரியும்? 188-க்கு உத்தரவு போட்ட அதிகாரிதான் நீதிமன்றத்தில் எழுத்துமூலம் புகார் தர வேண்டும், காவலரே எஃப்.ஐ.ஆர். போட முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-லேயே சொல்லியிருக்கிறது. அதை வைத்தே மதுரைக் கிளையில் வழக்கு ரத்தானது.

சரி, முடிந்தது என்று நினைத்தோம். காவல் நிலையத்துக் கம்ப்யூட்டரில் வழக்கு இன்னும் 'நிலுவை'. உத்தரவின் சான்று நகலை நாங்களே கொண்டுபோய்க் கொடுத்தோம். அதற்கும் மூன்று நடை. மடித்து மடித்துக் கிழிந்ததால் நகலை லேமினேட் செய்து வைத்திருக்கிறாள், ரேஷன் கார்டோடு சேர்த்து.

ரத்து உத்தரவு வந்த 30 நாளுக்குள் நிலையமே பதிவைத் திருத்தி, சம்பந்தப்பட்டவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று காவல்துறைத் தலைமை ஒரு சுற்றறிக்கை விடலாமே.

– ஒரு வாசகர், திண்டுக்கல்