இரண்டாவது மனைவி எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

மறுமலர்ச்சிக் கால இத்தாலியப் பிரபுகுலப் பெண்களை நாயகிகளாக்கும் சரித்திர நாவல்கள் பற்றிய கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். அதில் பாதி இடம் லுக்ரேசியா தெ மெதிச்சிக்குப் போய்விட்டது. ஃபெராராவின் டியூக் இரண்டாம் அல்ஃபோன்சோவுக்கு வாழ்க்கைப்பட்டு, 1561இல் பதினாறு வயதில் இறந்த பெண். பாவம்தான். கணவனே விஷம் வைத்தான் என்று வதந்தி கிளம்பியது; 1842இல் வந்த ஓர் ஆங்கிலக் கவிதை அந்தச் சந்தேகத்துக்கு நிரந்தர வாழ்வு கொடுத்தது. நுரையீரல் நோயே காரணம் என்பதுதான் வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. சரி, நாவலுக்கு விஷம் வேண்டும்தான். ஆனால் இவ்வளவு எழுதப்பட்டவரை ‘யாரும் கண்டுகொள்ளாத பெண்’ என்று கட்டுரையாளர் சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

அல்ஃபோன்சோ அப்புறம் இரண்டு கல்யாணம் செய்துகொண்டார். 1565இல் வந்த பார்பரா, புனித ரோமப் பேரரசர் முதலாம் ஃபெர்டினாண்டின் மகள். கட்டுரையில் அவர் பேரே இல்லை. 1570 நவம்பரில் ஃபெராராவைப் பூகம்பம் புரட்டிப்போட்டது. அதிர்வு நின்றபாடில்லை, ஊரைவிட்டு ஓடியவர்கள் ஏராளம். அந்த நிலையில் திக்கற்றுப்போன சிறுமிகளுக்காக பார்பரா ஒரு காப்பகம் ஏற்படுத்தினார். 1572இல் அவரும் போய்ச் சேர்ந்தார். கொலையும் இல்லை, கள்ளக்காதலும் இல்லை. பிறகு யார் எழுதுவார்கள்?

பார்பராவின் தங்கை யோகன்னா, அதே 1565 டிசம்பரில் லுக்ரேசியாவின் அண்ணன் ஃபிரான்செஸ்கோவை மணந்தார். மருமகளை வரவேற்க ஃபிளாரன்ஸ் அரண்மனை முற்றத்துச் சுவர்களில் அவருடைய தாய்நாட்டு நகரங்களையெல்லாம் தீட்டிவைத்தார்கள். மாப்பிள்ளையின் மனமோ பியாங்கா கபெல்லோவிடம். 1578இல் கர்ப்பிணியாக யோகன்னா இறந்த சில மாதங்களுக்குள் ஃபிரான்செஸ்கோ பியாங்காவைக் கல்யாணமே செய்துகொண்டார். பியாங்காவின் காதலைச் சொல்லும்போது யோகன்னா குறுக்கே நிற்கும் சிடுமூஞ்சி ராணியாகிவிடுகிறார். இந்த அக்கா தங்கை இருவரையும் வைத்து யாராவது எழுதினால் முதல் பிரதியை நான் வாங்குவேன்.

இன்னொன்று: மூன்று மனைவிகளிடமும் அல்ஃபோன்சோவுக்கு வாரிசு இல்லை. அதனாலேயே அவர் இறந்ததும், 1598இல், ஃபெராரா போப்பாண்டவர் ஆட்சிக்குப் போய்விட்டது. கட்டுரையாளர் தொடர்ந்து எழுதுவதாக இருந்தால் மூன்றாவது மனைவி மார்கெரிதா கொன்சாகாவையும் விட்டுவிட வேண்டாம். ஃபெராரா அரண்மனையின் பாடகியர் குழு இத்தாலி முழுக்கப் பேர் வாங்கியது அவர் காலத்தில்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி