கரையோர மக்களுக்கான சுற்றாடல் உதவிப் பணிமனை: நன்கொடை வேண்டுகோள்

திருகோணமலை மாவட்ட மக்களுக்கும், புலம்பெயர்ந்து வாழும் எம் உறவுகளுக்கும் அன்பு வணக்கம்.

2004 ஆழிப்பேரலையின்போது இம்மண்ணின் கோவில்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் விகாரைகளும், வந்தவர் எச்சமயத்தவர் என்று கேளாமல் கதவைத் திறந்துவிட்டன. வெள்ளம் வந்தால் இன்றும் அவ்வாறே உலை வைக்கிறோம். ஆனால் ஒரு கரை பறிபோன பின்னர், ஒரு கிணறு கெட்ட பின்னர் சோற்றுப் பொதியோடு போய் நின்றால் நம் கடமை தீர்ந்துவிடாது. பறிபோகுமுன் அம்மக்களுக்காக வாதாடுவதும் இறைபணியே என்று, நான்கு சமயத்தவரும் சேர்ந்த எமது குழு உறுதியாக நம்புகிறது.

சம்பூரை நாம் மறக்கவில்லை. 2006இல் போரினால் இடம்பெயர்ந்து, சொந்தக் காணிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்து மீண்ட மக்களின் அயலிலேயே 500 மெகாவாட் நிலக்கரி அனல்மின் நிலையம் அமையவிருந்தது. சாம்பல் வயலிலும் கிணற்றிலும் படியும், சூடேறிய நீர் கொட்டியாரக் குடாவில் கலந்தால் மீன்பாடு குறையும் என்று ஊரவர் அஞ்சினர், வீதியில் இறங்கினர், விடயம் உயர் நீதிமன்றம்வரை சென்றது. 2016இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. எனினும் மக்கள் வாய்மூடி இருந்திருந்தால் அவர்களுடைய கிணறுகளைப் பற்றி எவரும் பேசியிருக்கமாட்டார்கள்.

பேசுவதற்குச் சட்டம் இடம் தந்துள்ளது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி, பாரிய திட்டமொன்றின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டதாக அறிவித்தல் வெளியானால், 30 நாட்களுக்குள் எவரும் எழுத்தில் கருத்துக் கூறலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தால், தகவல் தரப்படுமா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும். ஆயினும் நூற்றுக்கணக்கான பக்கங்களை யார் வாசிப்பது? மூதூர்ப் பக்கத்துப் பள்ளிவாசல் விறாந்தையில் அத்தகைய அறிக்கை ஒன்றை விரித்தபோது, கடற்றொழிலாளர்கள் எழுத்தை விட்டுவிட்டு வரைபடத்தையே விரலால் தடவிப் பார்த்தார்கள். தலைமுறைகளாகக் கரைவலை இழுத்துவரும் இடமான பாடு அதில் வெற்றுக் கரையாகக் கிடந்தது. தொழிலாளர் தங்கும் குடிலான வாடி ஒன்றுகூடக் குறிக்கப்படவில்லை. எந்த மாதத்தில் எந்த நீரோட்டம், எந்த மீன் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அதை மனுவாக எழுதிக்கொடுக்கத்தான் அன்று ஆளில்லை.

ஆகவே திருகோணமலை நகரில் ஒரு சிறு பணிமனை திறக்க எண்ணியுள்ளோம். அறிக்கைகளின் சாரத்தை எளிய தமிழில் தர ஒரு மொழிபெயர்ப்பாளரும், மனுக்களைச் சரிபார்க்க ஒரு சட்டத்தரணியும் தேவை; குச்சவெளி, வெருகல் போன்ற தூரத்து ஊர்களிலிருந்து தொழிலை விட்டு வருவோருக்குப் பஸ் காசும் பகலுணவும் கொடுக்கவேண்டும். கிணற்று நீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் செலவே இவற்றுள் பெரியது. அதை எக்காரணம் கொண்டும் குறைக்க நாம் விரும்பவில்லை. மாரிக்கு முன்னும் பின்னும் நீரின் தன்மை மாறுவதால் ஒரே கிணற்றில் இருமுறையாவது மாதிரி எடுக்கவேண்டும். திட்டம் தொடங்குமுன் பெற்ற பெறுபேறு கையில் இல்லாவிட்டால், பின்னர் நீர் கெட்டது எதனால் என்று நிறுவுவது மிகக் கடினம்.

அபிவிருத்தியை மறிப்பது எமது நோக்கமன்று. மின்சாரமும் தொழிலும் எம் பிள்ளைகளுக்கும் வேண்டும். அனுமதி கோரி நிற்கும் நிறுவனங்களிடமும் அரசியல் கட்சிகளிடமும் ஒரு சதமும் பெறுவதில்லை என்று தீர்மானித்துள்ளோம். அதனாலேயே உங்களிடம் கையேந்துகிறோம்.

கோவில் உபயமாகவோ, தவக்காலச் சேமிப்பாகவோ, தானமாகவோ நீங்கள் தரலாம். இஸ்லாமியரின் கடமையான ஸகாத் அதற்கு உரியவர்களையே சேரட்டும். இதற்கு, விரும்பிக் கொடுக்கும் தர்மமான ஸதகாவாகத் தாருங்கள். நூறு ரூபாயானாலும் எமது குழுவில் இணைந்துள்ள வழிபாட்டுத் தலங்களின் அலுவலகங்களில் கொடுத்துப் பற்றுச்சீட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். வரவு செலவுக் கணக்கு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அத்தலங்களின் அறிவித்தல் பலகைகளில் ஒட்டப்படும். பணம் தர இயலாத சட்ட மாணவர்களும் மும்மொழி அறிந்த ஓய்வுநிலை ஆசிரியர்களும் வாரத்தில் ஒரு மாலைப்பொழுதைத் தந்தால் அதையும் நன்றியுடன் ஏற்போம்.

இங்ஙனம்,
நிதி சேகரிப்புக் குழுவினர்,
திருகோணமலை.