தண்ணீர் வடிந்த மறுநாளே கணக்கை முடித்துவிடாதீர்கள்

பயிர்ச்சேதம் கணக்கெடுக்கும் அலுவலர்களுக்கு,

வணக்கம். வயலில் தேங்கிய தண்ணீர் வடிந்ததும் வருகிறீர்கள். இலை பச்சையாக இருந்தால் "சேதமில்லை" என்று எழுதிக்கொண்டு போய்விடுகிறீர்கள். சீக்கிரம் வருவது நல்லதுதான். ஆனால் அந்தப் பச்சையை நம்பிவிடாதீர்கள்.

ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். மண்துளைகளில் நீர் நிறைந்துவிட்டால், மிச்சமிருக்கும் ஆக்சிஜனை வேரும் நுண்ணுயிர்களும் சீக்கிரமே தீர்த்துவிடும். அப்புறம் வேர், ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைக்கும் நொதித்தலை வைத்துத்தான் காலம் தள்ள வேண்டும். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்கு 30 அளவில் கிடைத்துவந்த ஏடிபி (செல் செலவழிக்கும் ஆற்றல் நாணயம்) வெறும் 2 ஆகிவிடும். இந்த வருமானத்தில் எந்தக் குடும்பம் நடக்கும்? உறிஞ்சத் தெம்பில்லாமல், தண்ணீரில் நின்றுகொண்டே செடி வாடுவது இதனால்தான்.

இலையை இளமையாக வைத்திருக்கும் சைட்டோகைனின் என்ற ஹார்மோன் வேரிலிருந்து வருவது குறைகிறது. இலையை முதுமையாக்கும் வாயு ஹார்மோனான எத்திலீனின் மூலப்பொருளோ வேரில் சேர்ந்து, சாற்றோடு மேலேறி, ஆக்சிஜன் உள்ள தண்டிலும் இலையிலும் எத்திலீனாக மாறி மூப்பைத் துரிதப்படுத்துகிறது. அடி இலைகள் தம் நைட்ரஜனை இளம் இலைகளுக்குக் கொடுத்துவிட்டு மஞ்சளாகின்றன. ஆகவே செடியின் நுனியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

வேர் நீர் தராததால் இலைத்துளைகள் மூடிக்கொண்டாலும் வெயில் குறைவதில்லை. உணவு தயாரிப்பில் செலவாகாத ஒளியாற்றலால் சூப்பராக்சைடு என்ற தீங்கான ஆக்சிஜன் வகை உருவாகிறது. டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி அதை ஹைட்ரஜன் பெராக்சைடாக்கும். கேட்டலேஸும் அஸ்கார்பேட் பெராக்சிடேஸும் அதையும் நீராக்கிவிடும். தேக்கத்தின் தொடக்கத்தில் இந்த நொதிகள் கூடுவது வழக்கம். நாள் நீண்டால், தாங்காத ரகங்களில் சரிந்துவிடும். (நொதி கூடியது என்றாலே நல்ல செய்தி என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். தீ எரிகிற இடத்தில்தானே தீயணைப்பு வண்டி நிற்கும்! செல்சவ்வின் கொழுப்பு சிதைவதால் உண்டாகும் மாலோன்டைஆல்டிஹைடு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்றும் பார்த்தால்தான் செல்சவ்வுக்கு நேர்ந்த கேடு தெரியும்.)

நீங்கள் வருகிற நேரம்தான் சிக்கலே. தண்ணீர் வடிந்ததும், மூச்சுத்திணறிக் கிடந்த வேருக்குள் ஆக்சிஜன் திடீரென்று பாய்கிறது. தீங்கான ஆக்சிஜன் வகைகள் மறுபடி பெருகுகின்றன. தற்காப்பு ஏற்கெனவே களைத்திருந்தால், இலை அதற்குப் பிறகும் சில நாட்களுக்கு மஞ்சளாகிக்கொண்டே போகும். முழுதாக மூழ்கினாலும் தாங்கும் நெல்லில், 2006இல் அடையாளம் காணப்பட்ட சப்1ஏ மரபணு எத்திலீனின் வேகத்தை அடக்கி இலை மூப்பைத் தள்ளிப்போடுகிறது. நீர் வடிந்த பிறகு வரும் ஆக்சிஜன் தாக்குதலைச் சமாளிக்கவும் அதுவே உதவுகிறது. வடிந்த பிறகு ஆபத்தே இல்லையென்றால் இந்த இரண்டாவது வேலைக்கு அவசியம் ஏது?

முதல் நாள் வாருங்கள், சரி. ஒரு வாரம், பத்து நாள் கழித்து அதே செடிகளிடம் இன்னொரு முறை வாருங்கள். பச்சையமானி இருந்தால் அடி இலையிலும் வைத்து அளந்துகொள்ளுங்கள். இரண்டொரு செடியைப் பிடுங்கியும் பாருங்கள். புதிதாக வெள்ளை வேர் விட்டிருந்தால் தேறுவதற்கு வாய்ப்பு உண்டு. வேர் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால், மேலே மிச்சமிருக்கும் பச்சையை வைத்து அதைப் பிழைத்த கணக்கில் எழுதாதீர்கள்.