பிள்ளைக்கு விடுமுறை, தாய்க்கு வேலைநாள்

சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர்களுக்கும் தொழிலாளர் நலத்துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை எந்த மாதம் வரும் என்பது இந்த நான்கு மாவட்டங்களில் எல்லோருக்கும் தெரியும். எந்தச் சுரங்கப்பாதையில் முதலில் தண்ணீர் நிற்கும் என்பதும் தெரியும். நாளைக்குப் பள்ளி உண்டா என்பது மட்டும் விடிந்த பிறகுதான் தெரிகிறது. வேன் ஆறரை மணிக்கு வருகிறது. அறிவிப்பு ஏழு மணிக்கு வந்தால் பிள்ளைகள் பாதி வழியில் இருப்பார்கள். வானிலை ஆய்வு மையம் முந்தைய நாளே ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை கொடுத்துவிடுகிறது. சிவப்பு என்றால் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை. இரவு எட்டு மணிக்குள் முடிவெடுக்க இதற்கு மேல் என்ன வேண்டும்? விடுமுறை விட்ட நாளில் வெயில் அடித்தால் உங்களைக் கேலி செய்வார்கள், உண்மைதான். செய்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் நான் எழுத வந்தது வேலையைப் பற்றி.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த சனிக்கிழமை. பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை விட்டீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் பிற்பகலில் பொதுப் போக்குவரத்து நிறுத்தப்படும் என்று அரசு அறிவித்தது. சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கோ, ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்ய விடுங்கள் என்று ஓர் அறிவுரை. துணிக்கடையில் நின்று விற்பவளும், ஒரகடத்தில் ஷிப்டுக்குப் போகிறவனும், பைக்கில் சாப்பாடு கொண்டுபோகிறவனும் எந்த வீட்டிலிருந்து வேலை செய்வது?

நான் வேலை பார்க்கும் கடையில் கேட்டேன். "அரசாங்கம் கடையை மூடச் சொல்லவில்லையே அம்மா, வராவிட்டால் சம்பளம் பிடிப்போம்" என்றார் மேலாளர். அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் என் எரிச்சல். பள்ளி மூடியிருந்ததால் மகனை அடுத்த வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, முழங்கால் தண்ணீரில் நடந்து போனேன். கடைக்கு ஒரு வாடிக்கையாளர்கூட வரவில்லை. புயலில் யார் பட்டுப்புடவை எடுப்பார்கள்?

இதற்கு முந்தைய ஆண்டு, மிக்ஜாம் புயலின்போது, 2023 டிசம்பர் 4 அன்று இந்த நான்கு மாவட்டங்களுக்கும் பொது விடுமுறை. தனியாருக்கு அன்றும் வேண்டுகோள்தான். அன்று காலை வேளச்சேரியில் கட்டுமானத்துக்காகத் தோண்டிய பெரும்பள்ளத்தின் ஓரம் சரிந்தது. வேலைக்கு வந்திருந்த இருவர் அதற்குள் சிக்கி இறந்தார்கள். உடல்களை மீட்கவே நாட்கள் ஆயின. பொது விடுமுறை நாளில் அவர்கள் ஏன் வேலையில் இருந்தார்கள் என்று எந்த அதிகாரியாவது கேட்டாரா?

அதிகாரம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005 முதல் இருக்கிறது. 2020 மார்ச்சில் அதே சட்டத்தின் கீழ் ஒரே இரவில் நாட்டின் கடைகளையும் ஆலைகளையும் மூட வைத்தார்கள். எங்கள் முதலாளிகள் மறுபேச்சில்லாமல் ஷட்டரை இறக்கினார்கள். அப்போது முடிந்தது, சிவப்பு எச்சரிக்கை உள்ள ஒற்றை நாளுக்கு ஏன் முடியவில்லை?

தைவானும் புயல் அடிக்கும் நாடுதான். அங்கே உள்ளூர் அரசு, பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் சேர்த்தே, பெரும்பாலும் முந்தைய இரவே விடுமுறை அறிவிக்கிறது. அன்று தனியார் நிறுவன ஊழியர் வேலைக்கு வராவிட்டால் அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்று தொழிலாளர் துறையின் விதி இருக்கிறது. நம் நிலைமைக்கு அந்த ஒரு வரியே போதும். மருத்துவமனை, மின்வாரியம், பால், தீயணைப்பு ஆகியவை இயங்கத்தான் வேண்டும். அவற்றில் வேலை செய்கிறவர்களை அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவிடும் பொறுப்பை நிறுவனத்தின் மேல் வையுங்கள். "மாணவர்களுக்கு மட்டும் விடுமுறை" என்று ஆசிரியர்களை வரவழைக்கும் பள்ளிகளையும் ஒரு முறை விசாரியுங்கள். எதற்காக வரச் சொல்கிறார்கள் என்று அந்த ஆசிரியர்களுக்கே தெரியாது.

நான் கேட்பது எல்லோருக்கும் கட்டாய விடுமுறைகூட அல்ல. சிவப்பு எச்சரிக்கை நாளில் வராதவரின் சம்பளத்தைப் பிடிக்கவோ, வேலையை விட்டு எடுக்கவோ கூடாது என்று எழுத்தில், கையொப்பமிட்ட ஓர் உத்தரவு வேண்டும். அடுத்த அக்டோபருக்குள் அது வந்தால், நகலெடுத்து எங்கள் கடையின் வருகைப்பதிவேட்டுக்கு மேலே நானே ஒட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஜவுளிக்கடை விற்பனையாளர்,
பெரும்பாக்கம்