நாள் எண்ணிக் கருத்தடை செய்வோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

மாதவிடாய் தொடங்கி முதல் ஏழு நாளும், அடுத்தது வருவதற்கு முந்திய ஏழு நாளும் கரு தங்கும் பயமில்லை என்றொரு அட்டவணை வட்ஸ்அப்பிலும் வைபரிலும் கைமாறிக்கொண்டிருக்கிறது. கலியாணமான பிள்ளைகளுக்குத் தாய்மாரும் இதையே சொல்லி அனுப்புகிறார்கள். 28 நாளுக்கு ஒருமுறை பிசகாமல் மாதவிடாய் வருபவருக்கு இது ஓரளவு பொருந்தலாம். மற்றவர்கள் இதை நம்பக்கூடாது.

முட்டை வெளியேறும் நாளைப் போன மாதவிடாயிலிருந்து எண்ணிப் பிடிக்க முடியாது. வரப்போகும் மாதவிடாய்க்கு ஏறத்தாழ 14 நாள் முன்னர்தான் அது வெளியேறும். 35 நாளுக்கொருமுறை மாதவிடாய் வருபவருக்கு அது 21ஆம் நாளை அண்டி வரும். 23 நாளில் வருபவருக்கு 9ஆம் நாளிலேயே வந்துவிடும். முட்டைக்கு ஒரு நாள்கூட முழுதாக ஆயுள் இல்லை. ஆனால் விந்தணு பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடிருக்கும். ஆகவே இந்த 23 நாள்காரி 5ஆம் நாள், இரத்தப்போக்கு ஓயும் தறுவாயில், அட்டவணையை நம்பி உறவு கொண்டாலும் கரு தங்கலாம்.

நாள் பார்த்தே தீருவேன் என்பவர் குறைந்தது ஆறு மாதமாவது திகதிகளைக் குறித்துவைக்க வேண்டும். மிகக் குறுகிய மாதவிடாய்ச் சுற்றின் நாட்களிலிருந்து 18ஐக் கழித்தால் ஆபத்து தொடங்கும் நாள், மிக நீண்ட சுற்றிலிருந்து 11ஐக் கழித்தால் அது முடியும் நாள். 26 முதல் 32 நாள் வரை மாறி மாறி வருபவருக்கு 8ஆம் நாள் தொடக்கம் 21ஆம் நாள் வரை, முழுதாக இரண்டு கிழமை ஆபத்து. இடையில் ஒரு காய்ச்சலோ பெரிய மனக்கவலையோ வந்தால் இந்தக் கணக்கும் பிழைத்துவிடும்.

விந்தை வெளியே விடுவதை மட்டும் நம்பியிருக்கும் 100 தம்பதிகளில் ஓராண்டுக்குள் சுமார் 20 பேருக்குக் கரு தங்குகிறது. கருத்தடை மாத்திரையில் அது 7, கருத்தடை ஊசியில் 4, கருப்பைக்குள் வைக்கும் லூப்பில் ஒன்றுக்கும் குறைவு. மாத்திரையும் ஊசியும் சரியான நேரத்துக்கு எடுத்தால் மிக நல்லவை. எங்கள் மறதியால்தான் பிழைக்கின்றன. அதனால்தான் ஒருமுறை வைத்துவிட்டால் வருடக்கணக்கில் நினைக்கத் தேவையில்லாத லூப்பையும், மேற்கையில் தோலுக்குக் கீழ் வைக்கும் ஜடெல் குச்சிகளையும் முதலில் யோசியுங்கள் என்கிறோம். செம்பு லூப் 10 வருடம், ஜடெல் 5 வருடம். எடுத்துவிட்டால் கரு தங்கும் தன்மை தாமதமின்றித் திரும்பும். ஊசி அப்படியல்ல, நிறுத்திய பின்னும் பல மாதம் பிந்தலாம். அடுத்த வருடம் பிள்ளை வேண்டுமென்பவர் ஊசியைத் தவிர்ப்பது நல்லது.

லூப் நெஞ்சுக்கு ஏறிவிடும் என்ற பயம் எங்கள் ஊர்களில் இன்னும் போகவில்லை. கருப்பைக்கும் நெஞ்சுக்கும் இடையில் வழியே கிடையாது. வைக்கும்போது கருப்பைச் சுவரைத் துளைப்பது ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்குத்தான். கூடுதலாக நடப்பது கீழே இறங்கி விழுவது. அதுவும் முதல் சில மாதங்களில். ஒவ்வொரு மாதவிடாயும் முடிந்தபின் லூப்பின் நூல் தட்டுப்படுகிறதா என்று விரலால் பாருங்கள். முதல் மூன்று முதல் ஆறு மாதம் இரத்தப்போக்கும் வயிற்றுவலியும் கூடலாம். பிறகு குறையும்.

பிள்ளைப்பேறு முடிந்தவர்கள் மாதவிடாய் வரட்டும் பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம். முட்டைதான் முதலில் வரும், இரத்தம் பிறகு. கரு தங்காமல் தாய்ப்பால் காப்பதற்கு மூன்றும் ஒன்றாகப் பொருந்த வேண்டும்: பிள்ளைக்கு 6 மாதத்துக்குள், மாதவிடாய் இன்னும் வரவில்லை, இரவு பகலாகத் தாய்ப்பால் மட்டுமே. ஒன்று தவறினாலும் அன்றே வேறு முறை வேண்டும். பால் கொடுப்பவர் முதல் 6 மாதம் இரண்டு ஹோர்மோன்கள் கலந்த சாதாரண கூட்டு மாத்திரையைத் தொடக்கூடாது. லூப், ஊசி, ஜடெல் பற்றிக் கேளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து கணவர் ஒரு மாத லீவில் வருகிறார் என்றால், ஆயத்தம் அவர் விமானம் ஏறுவதற்கு முன்னரே தொடங்க வேண்டும். மாதவிடாய் தொடங்கி 5 நாளுக்குள் மாத்திரையைத் தொடங்கினால் அன்றிலிருந்தே பாதுகாப்பு; பிந்தித் தொடங்கினால் 7 நாள் ஆணுறையும் வேண்டும். இரண்டு மாத்திரையோ அதற்கு மேலோ தவறினாலும் அதே 7 நாள்தான். ஆணுறையோடு தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் எதையும் சேர்க்காதீர்கள். எண்ணெய் பட்ட ரப்பர் சில நிமிடங்களிலேயே பலமிழந்து கிழியும்.

ஆணுறை கிழிந்துவிட்டால் அவசரக் கருத்தடை மாத்திரை 72 மணித்தியாலத்துக்குள். எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவுக்குப் பலன். அது முட்டை வெளியேறுவதைப் பிற்போடுகிறது. தங்கிய கருவைக் கலைக்காது. முட்டை பிந்தி வருவதால், மாத்திரை போட்ட பிறகு அதே மாதத்தில் பாதுகாப்பில்லாமல் சேர்வதுதான் மிகப்பெரிய பிழை. குடித்து 2 மணித்தியாலத்துக்குள் வாந்தி எடுத்தால் திரும்பக் குடிக்க வேண்டும். 5 நாளுக்குள் செம்பு லூப் வைப்பது இதைவிடப் பலமடங்கு நிச்சயம். நெடுந்தீவு போன்று படகை நம்பியிருக்கும் இடங்களில் இருப்பவர்கள் அவசர மாத்திரை ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கலாம்.

தாயின் உயிரைக் காப்பதற்கன்றி வேறெதற்கும் கருக்கலைப்பை இலங்கைச் சட்டம் அனுமதிப்பதில்லை. யாரோ கொடுத்த கலைப்பு மாத்திரையை ஒளித்துக் குடித்துவிட்டு இரத்தம் கொட்டக் கொட்ட வைத்தியசாலைக்கு வரும் நிலை எந்தப் பெண்ணுக்கும் வேண்டாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் குடும்பத்திட்டக் கிளினிக்குகளில் இச்சேவை இலவசம். காலையில் வேலைக்குப் போகும் பெண்களுக்காகக் கிழமையில் ஒரு பின்னேரமாவது இவற்றைத் திறந்துவைக்கும்படி சுகாதாரத் திணைக்களத்தை உங்கள் பத்திரிகை ஊடாகக் கேட்டுக்கொள்கிறோம்.

கிளினிக்குக்குப் போகும்போது கடைசி மாதவிடாய்த் திகதியையும் குடிக்கும் மருந்துகளின் பெயர்களையும் எழுதிக் கொண்டுபோங்கள். பிரஷர், கண் மின்னலோடு வரும் ஒற்றைத் தலைவலி, காலில் இரத்தம் கட்டியது ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கூட்டு மாத்திரை அவர்களுக்கு ஆகாது. காசநோய்க்கான றிபாம்பிசினும் வலிப்புக்கான காபமசிப்பீனும் மாத்திரையின் பலனையும் ஜடெலின் பலனையும் குறைத்துவிடும். அவற்றைக் குடிப்பவர்களுக்கு லூப் அல்லது ஊசிதான் பொருத்தம்.

இவ்வண்ணம்,
குடும்பநல சேவையில் உள்ளோர் சிலர்,
யாழ்ப்பாணம்.