தம்பியைப் பற்றி நீ சொன்னதுக்கு

வட்டக்கச்சி,
வைகாசி மாதம்.

அன்பு மகளுக்கு,

நானும் தம்பியும் சுகம். நீ அனுப்பின குரல் பதிவை முழுக்கக் கேட்டன். போனிலை பதில் சொல்ல வெளிக்கிட்டால் ரண்டு பேரும் ஒரே நேரத்திலை கதைப்பம், பேந்து சிக்னலும் போயிடும். அதாலை எழுதுறன்.

நீ சொன்னதிலை எனக்கு விளங்கினது இதுதான். மனுசர் தாங்கள் தெரிவு செய்யிறம் எண்டு நினைக்கிறது வெறும் நினைப்பு. பரம்பரையும் பிள்ளைப்பருவமும் சூழலும் சேர்ந்து எல்லாத்தையும் முதலே தீர்மானிச்சுப் போடுது. எட்டு வயதிலை சண்டை நேரம் பங்கருக்குள்ளை கிடந்தவன் இப்ப வீட்டுப் படலையைத் தாண்டாமல் இருக்கிறது அவன்ர விருப்பம் இல்லை. ஆகவே, "அம்மா, அவனை நெருக்காதேங்கோ, விட்டிடுங்கோ."

முதல் பாதியோடை எனக்குச் சண்டை இல்லை. மீள்குடியேறி வந்த கையோடை பள்ளிக்கூடத்திலை ஆலோசனை ஆசிரியையா இருந்தவள் நான். ஹெலிச் சத்தம் கேட்டால் மேசைக்குக் கீழை பூருற பிள்ளையளை "பழக்கவழக்கம் இல்லாததுகள்" எண்டு அடிக்க ஓங்கின ஆக்களை மறிச்சிருக்கிறன். உளவியலாளர் ஸ்கின்னர் சொன்னதிலை எனக்குப் பிடிச்சது அதுதான்: பிள்ளையின்ர குணத்தைத் திட்டாதை, அந்த நடத்தைக்கு முன்னுக்கு என்ன நடந்தது, பின்னுக்கு என்ன கிடைச்சுது எண்டு பார். பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010 இலை வன்னிச் சனத்தைப் பற்றி எழுதின ஆய்விலை இதைக் கூட்டு மனவடு எண்டார். தனித்தனி ஆக்கள் மட்டுமில்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்து உடைஞ்சது எண்டார். கடைசிச் சண்டையிலை தருமபுரம், விசுவமடு, தேவிபுரம், மாத்தளன் எண்டு நாங்கள் இடம்பெயர்ந்து நடந்த வழியை நினைச்சுப் பார். அதிலை ஆர் எதைத் தெரிவு செய்தது?

சுயவிருப்பம் எண்ட கதையை எங்கடை சனத்தின்ரை தலையிலை கட்டினவையையும் நான் கண்டிருக்கிறன். நுண்கடன்காரன் ஒருத்தன் பக்கத்து வீட்டு வாசலிலை குந்தியிருந்து, "அக்கா விரும்பித்தானே கையெழுத்து வைச்சவா" எண்டான். புருசன் இல்லை, பிள்ளைக்குக் காய்ச்சல், முதல் கடனைக் கட்ட ரண்டாம் கடன். அந்தக் கையெழுத்தை விருப்பம் எண்டால் நான் எழும்பிப் போவன். "மனம் வைச்சால் எல்லாம் முடியும்" எண்டு கூட்டம் போட்டுப் பேசிப்போட்டுக் கோழிக்குஞ்சு குடுத்திட்டுப் போனவையைப் பற்றி வேண்டாம், எனக்கு ரத்த அழுத்தம் கூடிடும்.

அப்ப நீ சொல்லுறதுதான் சரியோ? இல்லை, பிள்ளை. நீ சொன்ன, மூளை ஆய்வாளர் லிபெற்றின்ர பரிசோதனையை எடுப்பம். 1983 இலை ஆக்களை இருத்தி, "நினைச்ச நேரம் கையை அசையுங்கோ" எண்டு சொல்லி, மூளையின்ர மின்னோட்டத்தை அளந்தவை. ஆள் "இப்ப அசைப்பம்" எண்டு உணர முன்னமே, கிட்டத்தட்ட ஒரு செக்கனிலை மூண்டிலொரு பங்கு நேரத்துக்கு முதல், மூளையிலை ஆயத்தம் துவங்கிட்டுது. நல்லது. ஆனால் லிபெற்றே கடைசிக் கணத்திலை அதை மறிக்கிற பலம் ஆளுக்கு இருக்கெண்டு சொன்னவர். 2012 இலை ஷூர்கர் எண்ட ஆய்வாளர், அது முடிவே இல்லை, மூளையிலை சும்மா ஏறி இறங்குற அலை ஒரு எல்லையைத் தொடுறதாயும் இருக்கலாம் எண்டு காட்டினார். அதோடை, காரணமே இல்லாமல் கையை அசைக்கிறதெல்லாம் ஒரு தெரிவே? சண்டைக்குள்ளையிருந்து வட்டுவாகல் பாலத்தாலை வெளியிலை போறதோ நிக்கிறதோ எண்டு ராவிரவா யோசிச்ச சனத்துக்கு இந்தச் செக்கன் கணக்கைக் கொண்டுவராதை.

உன்ரை பதிவிலை நீ தொடாமல் விட்ட ஒண்டு இருக்கு. அதைப் பற்றித்தான் எழுத வந்தனான்.

1967 இலை அமெரிக்காவிலை செலிக்மன், மையர் எண்ட ரண்டு உளவியலாளர் நாய்களை வைச்சு ஒரு வேலை செய்தவை. இப்ப எண்டால் ஆரும் விடமாட்டினம். ஒரு கூட்டத்துக்கு மின்சாரம் பாய்ச்சினால், தலையாலை ஒரு பலகையை அமத்தி அதை நிப்பாட்டலாம். மற்றக் கூட்டத்துக்கும் அதே மின்சாரம், அதே அளவு நேரம். ஆனால் அதுகள் என்ன செய்தாலும் நிக்காது. அடுத்தமுறை எல்லாத்தையும் சின்னத் தடுப்புள்ள பெட்டிக்குள்ளை விட்டவை. பாய்ஞ்சால் தப்பலாம். முதல் கூட்டம் பாய்ஞ்சுது. மற்றதிலை முக்கால்வாசி படுத்துக் கிடந்து அனுங்கிச்சுது. வலி ரண்டுக்கும் ஒண்டுதான் எண்டதைக் கவனி. நாங்கள் பட்டதை வைச்சு மட்டும் ஆளைக் கணிக்கேலாது.

இதுக்கு "கற்றுக்கொண்ட இயலாமை" எண்டு பேர் வைச்சு, ஒரு தலைமுறை மாணவருக்குப் படிப்பிச்சினம். எனக்கும் பயிற்சியிலை அப்படித்தான் சொல்லித் தந்தவை. ஆனால் 2016 இலை, அம்பது வருசம் ஆகப்போகேக்கை, அதே ரண்டு பேரும் "நாங்கள் தலைகீழாச் சொல்லிப்போட்டம்" எண்டு எழுதினவை. இயலாமை படிச்சு வாறதில்லையாம். நீண்ட துன்பத்துக்கு முன்னாலை அசையாமல் கிடக்கிறது உடம்பின்ர இயல்பாம். படிக்க வேண்டியது மற்றது: "நான் செய்தால் நடக்கும்" எண்டதை. எலிகளிலை பாத்தால், நெத்திப் பக்கத்து மூளையிலை ஒரு பகுதி அதைக் கண்டுபிடிச்சு, அடியிலை இருக்கிற பயத்தை அடக்குதாம்.

அந்தக் கட்டுரையின்ர சுருக்கத்தை ரண்டு தரம் வாசிச்சுப்போட்டுக் குசினிக்குப் போய்ச் சும்மா நிண்டன்.

கிடந்த நாய்களை என்ன செய்தவை தெரியுமோ? கயித்திலை கட்டி இழுத்துத் தடுப்பைத் தாண்ட வைச்சவை. ஒருக்கா ரண்டு தரம் இல்லை, திரும்பத் திரும்ப. முதலிலை பாரமாத்தான் வந்துதுகள். போகப்போகக் கயிறு இலேசாகி, பிறகு தானாப் பாய்ஞ்சுதுகள். "விட்டிடுங்கோ" எண்டு நீ சொல்லேக்கை எனக்கு அந்தக் கயிறுதான் ஞாபகம் வருது. தம்பியின்ரை விருப்பமும் காரணத்தாலை வளருறதுதான் எண்டால், அந்தக் காரணத்திலை ஒரு துண்டா நான் இருக்கக்கூடாதோ? நீ இருக்கக்கூடாதோ? எல்லாம் தீர்மானிக்கப்பட்டது எண்டால், என்ர ஆக்கினையும் அதுக்குள்ளை சேர்த்திதானே.

அதாலை அவனை வேலைக்குப் போ, கலியாணம் கட்டு எண்டெல்லாம் நான் நெருக்கிறேல்லை. இந்தச் சிறுபோகத்துக்கு எங்களுக்கு ஒரு ஏக்கருக்குத்தான் தண்ணி. எந்த வரம்பை எப்ப வெட்டுறது எண்டு நான் கேக்கிறேல்லை, அவனிட்டை விட்டிருக்கிறன். போன கிழமை தண்ணிப் பம்ப் நிண்டுபோச்சு. திருத்துற பாஸ் ஒருத்தரைக் கூப்பிடுவம் எண்டு வாய் வரைக்கும் வந்துது, அடக்கினன். தம்பி காபரேற்றரைக் கழட்டி, ஜாம் போத்தலுக்குள்ளை பெற்றோல் விட்டு ஊறவைச்சு, பழைய பல்லுத் தூரிகையாலை தேய்ச்சான். பின்னேரம் வரைக்கும் ஒரு சொல் இல்லை. பம்பின்ர கயித்தை இழுக்க இழுக்க இருமிச்சுது, பிறகு பிடிச்சுது. உடனை நிமிர்ந்து ஆரும் பாக்கினமோ எண்டு சுத்திப் பாத்தான். நான் வெங்காயம் உரிக்கிற மாதிரி இருந்தன்.

அடுத்தநாள் முன்வீட்டு மாமா தன்ரை பம்பையும் கொண்டுவந்து வைச்சிட்டுப் போனார். அதை இன்னும் தொடேல்லை. வெடிச்சத்தம் கேட்டால் இப்பவும் உள்ளறைக்குத்தான் போறான். மாறிட்டான் எண்டு நான் உனக்குக் கதை கட்டேல்லை.

புரோக்கர் திரும்பவும் உன்ரை சாதகக் குறிப்பைக் கேட்டவர். அது மாத்தளன் மணலுக்குள்ளை, விருப்பம் எண்டால் தோண்டி எடுங்கோ எண்டன். ஆள் சிரிக்கேல்லை.

மலசலகூடத்துக்குக் கூரை மாத்த நீ அனுப்பப்போற காசை இந்தமுறை தம்பியின்ர கணக்குக்குப் போடு. தகரமோ சீற்றோ, எந்தக் கடை, எந்த மேசன் எண்டதை அவனே பாக்கட்டும். பிழைச்சால் ஒரு மழைக்கு ஒழுகும், அவ்வளவுதான். கணக்கை உனக்கு அவன் சொல்லட்டும், நான் நடுவிலை வரமாட்டன். ஞாயிறு எடுக்கேக்கை என்ர நம்பருக்கு எடாதை, அவன்ரைக்கு எடு. "எப்படி இருக்கிறாய்" எண்டு கேட்டால் "இருக்கிறன்" எண்டு வைச்சிடுவான். காபரேற்றரைப் பற்றிக் கேள்.

அன்புடன்,
அம்மா