சில்லு தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் சொந்தக் காரை வீட்டு முற்றத்திலேயே திருத்திக்கொள்ளும் பழக்கம் கூடிவருகிறது. 2020 இல் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மீண்டும் அனுமதிக்கப்பட்டபோதிலும், புதிய வாகனத்தின் விலை நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாத உயரத்திலேயே நிற்பதால், பதினைந்து இருபது வயதான கார்களையே நம்மில் பலர் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அந்தக் கார்களுக்கு வரும் வேலைகளுள் பின்பக்கக் கொன்ட்ரோல் ஆம் மாற்றுவதும் ஒன்று. இதை வீட்டில் செய்யக்கூடாது என்று நான் சொல்லவரவில்லை. கைப்பழக்கமும் தகுந்த கருவிகளும் உள்ளவர்கள் தாராளமாகச் செய்யலாம். ஆனால், வீட்டில் செய்பவர்கள் மட்டுமன்றிச் சில கராஜ்களில் வேலை செய்பவர்களும் இதன் கடைசிப் படியைப் பிழையாகச் செய்வதைத் தொடர்ந்து கண்டுவருவதால், மோட்டார் பொறிமுறை கற்பித்தவன் என்ற வகையில் இதனை எழுதுகிறேன்.

பின்சில்லைக் காரின் உடலுடன் இணைத்து, அது மேலும் கீழும் மட்டும் அசையுமாறு பிடித்துவைத்திருக்கும் இரும்புக் கைதான் கொன்ட்ரோல் ஆம். விட்ஸ் போன்ற சிறிய கார்களில் பின்னால் குறுக்கே ஒரே துண்டான கட்டை இருப்பதால் இந்த வேலை வருவதில்லை. கொரோலா 110, சில ஹொண்டா சிவிக் வகைகள் போன்றவற்றில் ஒவ்வொரு பின்சில்லுக்கும் தனித்தனி ஆம்கள் உண்டு. ஆமின் முனையில் இருக்கும் புஷ் கிழிந்தால் பிறேக் பிடிக்கும்போது காரின் பின்பகுதி ஒரு பக்கமாக இழுபடும், பள்ளத்தில் இறங்கும்போது டொக்கென்று ஒலி கேட்கும், டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும். உள்விளிம்பு வெளியே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது என்பதால், டயரில் கம்பி வெளிப்படும்வரை பலர் கவனிப்பதில்லை. வருமான அனுமதிப்பத்திரத்துக்காக நாம் ஆண்டுதோறும் செய்விக்கும் புகைப் பரிசோதனையும் இதைப் பார்ப்பதில்லை.

புஷ் என்பது பெரிய இரும்புக் குழாய், அதற்குள் சிறிய இரும்புக் குழாய், இரண்டையும் ஒட்டிப் பிடித்திருக்கும் இறப்பர் ஆகிய மூன்றும் சேர்ந்தது. வெளிக்குழாய் ஆமுக்குள் அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். உட்குழாயின் ஊடாகச் செல்லும் போல்ட்டை இறுக்கும்போது, அந்த உட்குழாய் காரின் உடலிலுள்ள இரு தகடுகளுக்கு நடுவே அசையாமல் பூட்டப்பட்டுவிடும். அதன் பின்னர் ஆம் அசைவதெல்லாம் அந்த இறப்பர் முறுகுவதனாலேயே நடக்கிறது. போல்ட்டைச் சுற்றி எதுவும் சுழல்வதில்லை. ஆகவே போல்ட்டை எந்த நிலையில் இறுக்குகிறோமோ அந்த நிலைதான் இறப்பரின் ஓய்வு நிலை. காரை உயர்த்தி, சில்லு கீழே தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டால், கார் தரைக்கு வந்த கணத்திலிருந்து இறப்பர் முறுகிய நிலையிலேயே இருக்கும். வாசலில் நிறுத்திவைத்திருக்கும்போதும் அது பிழிந்து உலர்த்தாமல் விட்ட சாரம் போல முறுகிக் கிடக்கும். அதன்மேல் படுவான்கரையின் கிரவல் வீதியிலோ, ஊருக்குள் இருக்கும் வேகத்தடையிலோ ஏறும் ஒவ்வொரு முறையும் அந்த முறுக்கு கூடும். பல ஆண்டுகள் உழைக்க வேண்டிய புஷ் சில மாதங்களில் கிழிந்துவிடுவதற்கு இதுவே காரணமாகிறது. பழி மட்டும் பொருளின் தரத்தின்மீது விழுகிறது.

என் உறவினர் ஒருவரின் காரில் இதையே கண்டேன். கராஜ் ஒன்றில் இரண்டு பின் ஆம்களையும் புதிதாக மாற்றியிருந்தார்கள். சில மாதங்களிலேயே பழைய ஒலி திரும்பிவிட்டது. கழற்றிப் பார்த்தபோது ஆமில் பூசப்பட்ட கறுப்பு நிறம்கூட மங்கவில்லை, ஆனால் இறப்பர் உட்குழாயைச் சுற்றிப் பிறை வடிவில் பிளந்திருந்தது, இரு பக்கத்துப் பிளவும் ஒரே திசையில் இருந்தது. தரமற்ற இறப்பர் இப்படி ஒழுங்காகக் கிழிவதில்லை. கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன்னர் கிழிந்த இடத்தை இப்படி ஒருமுறை பார்த்துக்கொள்வது நியாயமாக இருக்கும்.

சரியான முறை கடினமானதன்று. காரை உயர்த்துவதற்கு முன்னரே, சமதரையில் நிற்கும்போது, சில்லின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்காட்டின் விளிம்புவரையுள்ள உயரத்தை நாடாவால் அளந்து எழுதிவைக்க வேண்டும். புதிய ஆமைப் பொருத்தும்போது போல்ட்டுகளைக் கையிறுக்கமாக மட்டும் விட்டுவிட்டு, சில்லுப் பக்கத்துக்குக் கீழே ஜக்கை வைத்து, எழுதிவைத்த அளவு வரும்வரை மெதுவாக உயர்த்தி, அந்த நிலையில் இறுதி இறுக்கத்தைக் கொடுக்க வேண்டும். குழி உள்ள இடம் கிடைத்தால், நான்கு சில்லும் தரையில் நிற்கக் கீழிருந்து இறுக்குவது இன்னும் நல்லது. எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது வாகனத்துக்கு வாகனம் வேறுபடும். சிறிய கார்களில் பெரும்பாலும் 100 நியூட்டன் மீற்றரை ஒட்டி இருந்தாலும், அந்தந்த வாகனத்தின் கைநூல் சொல்லும் அளவைத்தான் டோர்க் ரென்ச்சில் (இறுக்கத்தின் அளவைக் காட்டும் சாவியில்) வைக்க வேண்டும். தானே பூட்டும் வகை நட்டுகளைத் திரும்பப் பயன்படுத்தாமல் புதியவற்றையே போட வேண்டும்.

கழற்றும் வேலையில் நம் பகுதிக்கென்றே ஒரு தொல்லை உண்டு. பொத்துவிலிலிருந்து மட்டக்களப்புவரை நாம் கடலோரமாக வாழ்பவர்கள். கடற்காற்றின் உப்பும், மாரியில் வீதியை மூடி நிற்கும் வெள்ளமும் சேர்ந்து போல்ட்டையும் புஷ்ஷின் உட்குழாயையும் துருவால் ஒட்டிவிடுகின்றன. அப்போது போல்ட்டின் தலை சுழலும், ஆனால் போல்ட் வெளியே வராது. உட்குழாயும் சேர்ந்து சுழன்று இறப்பரை மட்டும் முறுக்கும். அந்த நேரத்தில் நீண்ட குழாயை மாட்டி முழுப் பலத்தையும் கொடுத்தால், காரின் உடலுக்குள் ஒட்டவைக்கப்பட்டிருக்கும் நட் கழன்று உள்ளே சுழலத் தொடங்கிவிடும், அதன் பிறகு தகட்டை வெட்டித்தான் ஆக வேண்டும். முதல்நாள் மாலையே துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துருநீக்கி எண்ணெய் விட்டு, காலையில் மறுபடியும் விட்டு, போல்ட்டைச் சிறிது முன்னும் பின்னுமாகத் திருப்பி எடுப்பதே பொறுமையான வழி. எதற்கும் அசையாவிட்டால் ஆமின் இரு பக்கமும் போல்ட்டைக் கிரைண்டரால் அறுத்துவிடலாம், அந்தப் பழைய ஆம் எப்படியும் கழிவுக்குத்தான் போகப்போகிறது. ஆனால் தீச்சுவாலையால் சூடேற்றும் வேலையை வீட்டில் எவரும் செய்யவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பல கார்களில் பெற்றோல் தாங்கியும் பிறேக் குழாயும் அந்த இடத்துக்கு மிக அருகிலேயே இருக்கின்றன. கிரைண்டரின் தீப்பொறிக்கும் அதே கவனம் வேண்டும்.

உயிருடன் தொடர்புடைய விடயம் காரை உயர்த்தி நிறுத்தும் முறை. பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிறேக் பின்சில்லுகளை மட்டுமே பிடிக்கும். பின்பக்கத்தை உயர்த்தியவுடன் அது காரைப் பிடித்துவைக்காது என்பதால், முன்சில்லுகள் இரண்டுக்கும் இரு பக்கமும் கட்டை வைத்தாக வேண்டும். கல்லடி, காத்தான்குடி, கல்முனை முற்றங்களின் மணலில் ஜக் சாய்ந்து புதையும். கொங்கிரீட் தரை இல்லையென்றால் அகலமான தடித்த பலகை வேண்டும். ஸ்டாண்டுக்குப் பதிலாகச் சீமெந்துக் கல்லை அடுக்கிவைப்பதை அடிக்கடி காண்கிறேன். உள்ளே வெற்றிடமுள்ள அந்தக் கல் சுவருக்காகச் செய்யப்பட்டது. இரும்பைப் போல முதலில் வளைந்து எச்சரிக்கை தராமல் ஒரே கணத்தில் நொறுங்கிவிடும். இரும்பு ஸ்டாண்ட் இல்லாதவர் காருக்கு அடியில் போகவே கூடாது. ஸ்பிரிங் நேரடியாக ஆமின்மேல் உட்கார்ந்திருக்கும் வகைகளில், ஆமைக் கீழிருந்து இன்னொரு ஜக்கால் தாங்கிக்கொண்டு, போல்ட் வெளியேறிய பின் அந்த ஜக்கைச் சிறிது சிறிதாக இறக்கித்தான் ஸ்பிரிங்கின் அழுத்தத்தை விடுவிக்க வேண்டும். இல்லாவிடில் அது முகத்துக்கு நேராகத் தெறிக்கும்.

வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட், அதாவது சில்லுகள் நிற்கும் கோணம், பார்த்தாக வேண்டும். அந்தக் கோணத்தைச் சரிசெய்வதற்காக, துளை நடுவிலிருந்து விலகிய வட்டையுள்ள போல்ட் இருந்தால், கழற்றுவதற்கு முன் அது நின்ற இடத்தைக் கீறலால் அடையாளமிட்டு வைப்பது கராஜ்வரை ஒழுங்காக ஓட்டிச் செல்ல உதவும்.

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையிலிருந்து வரும் பாவித்த ஆம்களைப் பற்றியும் ஒரு சொல். இரும்பு நன்றாக இருந்தாலும் அதற்குள் இருக்கும் இறப்பர் நம் காரில் கிழிந்ததைப் போன்றே வயதானது. புஷ்ஷை மட்டும் மாற்ற அழுத்தும் இயந்திரம் வேண்டும் என்பதால், வீட்டில் செய்பவருக்குப் புதிய புஷ்ஷுடன் வரும் முழு ஆமே பொருத்தம்.

மட்டக்களப்பு, சம்மாந்துறைத் தொழில்நுட்பக் கல்லூரிகளிடம் தங்கள் பத்திரிகை வாயிலாக ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். வாகன உரிமையாளர்களும் சிறிய கராஜ்களில் பணிபுரியும் இளைஞர்களும் சேர்ந்து பங்குபற்றக்கூடிய சனிக்கிழமைச் செயல்முறை வகுப்பொன்றை நடத்தினால், சில்லு தொங்கும் நிலையில் இறுக்கிய புஷ்ஷையும் சுமையுடன் இறுக்கிய புஷ்ஷையும் அருகருகே வைத்துக் காட்டலாம். ஒரு பழைய கார், ஸ்டாண்டுகள், டோர்க் ரென்ச் ஒன்று ஆகியவற்றுக்கு மேல் எதுவும் தேவைப்படாது. வெள்ளத்தில் ஓடிய கார்கள் தை மாதத்தில்தான் கராஜ்களுக்கு வரிசையாக வரத் தொடங்கும். ஆதலால் முதல் வகுப்பை மாரிக்கு முன்னரே வைப்பது பயன் தரும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மோட்டார் பொறிமுறைப் போதனாசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.